சொந்தக் காரணங்களுக்காக

அந்த அறிவிப்பு எங்கள் பழைய ஆய்வு மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. நான் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்றரை வயதாகிறது; இன்னும் ஒவ்வொரு வாயையும் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு யோசிக்கிறவள். ஒரு கையில் கிண்ணம், மற்றக் கையில் பருக்கை. புறங்கையால் போனைத் தள்ளித் தள்ளிப் படித்தேன். முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு மூன்று ஆண்டு ஆய்வு உதவித்தொகை. மாதம் பிறந்தால் பணம், களப்பணிக்குத் தனியாக, மதுரையில் ஒரு பல்கலைக்கழகத் துறையில் உட்கார இடம்.

இப்படி வாரத்துக்கு ஒன்று வரும். நான் எப்போதும் தகுதி என்று போட்டிருக்கும் இடத்தைத்தான் முதலில் படிப்பேன். மேலிருந்து படித்தால் ஆசை வந்துவிடும். பட்டம் பெற்று ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்று இருந்தது. எனக்கு ஐந்து ஆண்டும் ஐந்து மாதமும் ஆகியிருந்தது. அதோடு போனை வைத்திருப்பேன். ஆனால் அதற்குக் கீழே இன்னொரு வரி. மகப்பேறு காரணமாகப் பணியில் இடைவெளி ஏற்பட்ட பெண்களுக்கு ஓராண்டு தளர்வு; அப்போது வேலை பார்த்த நிறுவனத்தின் சான்றை இணைக்க வேண்டும்.

மகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். நான் ஊட்ட மறந்திருந்தேன்.

எனக்கு அந்த இடைவெளி இருந்தது. இடைவெளி எனக்கு எதிரிலேயே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. சான்றுதான் இல்லை. காரியாபட்டிப் பக்கம் நான் முன்பு வேலை பார்த்த கல்லூரியில் இருந்த ஒரே காகிதம் நானே எழுதிக் கொடுத்த ராஜினாமாக் கடிதம். அதில் மகப்பேறு என்ற சொல்லே கிடையாது. 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதியிருந்தேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்ல வேண்டும்.

என் மகளுக்கு முன்னால் ஒன்று தங்கி, மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அந்தத் தடவை நாள் தள்ளிப்போன சந்தோஷத்தில் என் மாமியார் தெருவுக்கே சொல்லிவிட்டார். திருத்தங்கலில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சொன்னால் ஒன்பது வீட்டில் சொன்ன மாதிரி. கலைந்த பிறகு அதே ஒன்பது வீட்டுக்காரர்களும் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது தடவை தங்கியபோது அத்தை என் கணவரையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார்: "ஏழாம் மாசம் வளையல் போடுற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. வாயாலயும் சொல்லக் கூடாது, கையாலயும் எழுதக் கூடாது. மொதத் தடவை நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கல."

நான் படித்தவள். பொருளியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். ஆனால் ஒரு தடவை இழந்தவளுக்குப் படிப்பு எவ்வளவு தூரம் கூட வரும் என்று எனக்குத் தெரியவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

நாலாம் மாதம் லேசாக உதிரம் பட்டது. டாக்டரம்மா பஸ்ஸில் ஏறவே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்றார். கல்லூரிக்கு நான் இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே துறைத் தலைவருக்குப் போன் போட்டேன். "மேடம், ஒரு ஆறு மாசம் லீவு கிடைக்குமா?"

"என்னம்மா, ஏதும் விசேஷமா?" என்று அவர் நேராகவே கேட்டார்.

அத்தை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் இல்ல மேடம். வீட்டுல கொஞ்சம் பிரச்சினை" என்றேன்.

"கெஸ்ட் லெக்சரருக்கு லீவு ஏதும்மா? வேணும்னா எழுதிக் கொடுத்துட்டுப் போ. பெறகு பாப்போம்."

எழுதிக் கொடுத்தேன். படுத்தபடியே, அட்டையை வயிற்றின் மேல் வைக்காமல் பக்கவாட்டில் சாய்த்து வைத்து எழுதினேன். என் கணவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மகள் பிறந்து ஒன்றரை வருஷம் கழித்துத்தான் மறுபடி வேலைக்குப் போனேன். அதுவும் விருதுநகரில் வேறு கல்லூரியில், மணிக்கணக்குச் சம்பளத்துக்கு.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. என் ஆய்வே இதைப் பற்றியதுதான். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் பிள்ளை பெறுவதற்காக எத்தனை நாள் வேலையை விடுகிறார்கள், திரும்பி வரும்போது அதே வேலை கிடைக்கிறதா என்று நாலு வருஷம் சிவகாசியைச் சுற்றிக் கேட்டுத் திரிந்தேன். என் அம்மாவே அப்படி ஒருத்தி. நான் பிறப்பதற்கு முன் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றும் வேலை பார்த்தாள். பிறந்த பிறகு போனபோது அந்த இடத்தில் வேறு ஆள் இருந்தது, பெட்டி ஒட்டப் போட்டார்கள். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து அவளிடமே ஒரு நாள் கேட்டேன், "என்னைப் பெத்தப்ப எத்தனை நாள் லீவு எடுத்தம்மா?"

"லீவெல்லாம் எடுக்கலத்தா. போகலை. அம்புட்டுத்தான்" என்றாள்.

நான்காம் இயல் முழுக்க அந்த வித்தியாசத்தைத்தான் எழுதினேன். விடுப்பில் இருக்கிறவள் ஒருத்தி, போகாமல் இருக்கிறவள் ஒருத்தி. முன்னவளுக்குத் திரும்பி வர ஓர் இடம் காகிதத்தில் இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் அந்த இயலைத்தான் பாராட்டினார்கள்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் மகளை அத்தையிடம் விட்டுவிட்டு அதே இரண்டு பஸ் ஏறினேன். விருதுநகரில் மாறும்போது திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. என்ன முகத்தோடு போய்க் கேட்பது? அவர் நேராகக் கேட்டார், நான் இல்லை என்றேன். இப்போது ஆமாம் என்று எழுதித் தாருங்கள் என்றால்? அடுத்த பஸ் வந்து நின்றது. ஏறிவிட்டேன். யோசித்து ஏறினேன் என்று சொல்ல முடியாது. முன்னால் நின்றவர்கள் ஏறினார்கள், பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள்.

ஆபீஸில் கிளார்க் அதே ஆள்தான். முடி கொஞ்சம் கொட்டியிருந்தது. "வாங்க மேடம், வாங்க. எம்புட்டு நாளாச்சு! பிள்ளை இருக்கா?"

"இருக்கா சார். பொம்பளப் பிள்ளை."

"சந்தோசம். கெஸ்டுக்கெல்லாம் ஃபைல் தனிக் கட்டுல கெடக்கும், இருங்க." பீரோவின் அடியிலிருந்து ஒரு கட்டை இழுத்து, தும்மி, என் கடிதத்தை எடுத்தார். சத்தமாகப் படித்தார். "சொந்தக் காரணங்களுக்காக. ம். சொந்தக் காரணம்னா ஆயிரம் இருக்கும் மேடம். எங்க மச்சினன் கடை வைக்கப் போனதும் சொந்தக் காரணந்தான், கடையை மூடுனதும் சொந்தக் காரணந்தான்."

நான் பிறப்புச் சான்றிதழையும் டாக்டரம்மாவின் சீட்டுகளையும் மேசையில் எடுத்து வைத்தேன். அவர் தேதிகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "கணக்கெல்லாம் சரியாத்தான் வருது. நாலாம் மாசம். ஆனா எங்களுக்குத் தெரியாதுல்ல?"

முதல்வர் அறையில் துறைத் தலைவரும் இருந்தார். பக்கவாட்டு நாற்காலியில் உட்கார்ந்து வருகைத் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. முதல்வர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. "உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா நாங்க மகப்பேறுக்காகப் போனாங்கன்னு எழுதுனா, அப்ப ஏன் லீவு தரலைன்னு நாளைக்கு ஒருத்தர் எங்களைக் கேப்பாக. நாங்க என்ன சொல்ல?"

என் இயல் நான்கில் அந்தக் கேள்வியை நான்தான் கம்பெனிக்காரர்களிடம் கேட்டிருந்தேன்.

வழி சொன்னது கிளார்க்தான். நான் ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு, 'அவர் இப்போது அளித்த தகவலின்படி' என்று போட்டு, கல்லூரி ஒரு சான்று தரும். முதல்வருக்கு மத்தியானம் சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸில் கூட்டம். இனித் திங்கட்கிழமைதான் வருவார். "இப்பவே முடிச்சுருவோம் மேடம்" என்று கிளார்க் தானே தட்டச்சு செய்து கொண்டுவந்தார். இரண்டே வரி. பணியில் இருந்தபோது கருவுற்றிருந்ததை நான் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவில்லை. விடுப்பு எதுவும் கோரவில்லை.

முதல் வரி உண்மை. இரண்டாவது வரியில் பேனா நின்றது.

"சார், லீவு கேட்டேன். போன்ல."

"யாருகிட்டம்மா?" என்றார் முதல்வர்.

நான் துறைத் தலைவரைப் பார்த்தேன். அவர் வருகைத் தாளில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். பென்சில் ஒரே பெயருக்குப் பக்கத்தில் நின்றது. அவர் தலை நிமிரவில்லை. ஆறு மாதம் லீவு என்று கேட்டது கேட்டதுதானா? காரணம் சொல்லாமல், பிரச்சினை என்று பொய் சொல்லிக் கேட்டதற்கு அவர் என்ன செய்திருக்க முடியும்? இப்போது அவர் பெயரைச் சொன்னால் அவருக்கு என்ன ஆகும்? முதல்வர் மணி பார்த்தார்.

"சரியா ஞாபகமில்ல சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த இரண்டு வரியும் அப்படியே இருந்த சான்றையும் ராஜினாமாக் கடிதத்தின் நகலையும் வாங்கிக்கொண்டு வராண்டாவில் வரும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. துறைத் தலைவர். என் தோளைத் தொட்டார். "நீ கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கும்மா. உள்ள சொல்ல வாய் வரலை."

"பரவாயில்ல மேடம். நான்தான் அன்னைக்கு இல்லைன்னு சொன்னேன்."

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். போன்ல உன் மூச்சே சரியில்ல. ரெண்டாவது தடவை அழுத்திக் கேட்டிருக்கணும்." என் கையிலிருந்த சான்றைப் பார்த்தார். "சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

விண்ணப்பத்தை என் கணவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் உட்கார்ந்து அனுப்பினோம். ஞாயிறு அங்கே மிஷின் ஓடாது, நெட் இருக்கும். அவர் ஆப்செட் மிஷின் பார்க்கிறவர். சான்றையும் நகலையும் ஸ்கேன் செய்து, கோணல் இல்லாமல் வெட்டி, ஏற்றிக் கொடுத்தார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு கட்டம் வந்தது: மகப்பேறு விடுப்பு எடுக்கவில்லையெனில் காரணம், நூறு சொற்களுக்குள்.

நடந்ததை எழுதினேன். அழித்தேன். கேட்டேன் என்று எழுதினால் பக்கத்திலேயே நான் கேட்கவில்லை என்கிற சான்று நிற்கிறது. கேட்கவில்லை என்று எழுதக் கை வரவில்லை. மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். என் கணவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதுன்னு போட்டுரு."

"என்னது?"

"லீவு கேக்கலாம்னு எனக்குத் தெரியாதுன்னு போடு. கஸ்டமர் வந்து கலர் ஏன் மாறுச்சுன்னு கேட்டா எங்க மொதலாளி அண்ணாச்சி என்ன சொல்வாரு? தெரியலைங்கன்னுதான். தெரியலைன்னா அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாக."

'விடுப்புக் கோர எனக்கு உரிமை உண்டா என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். திரும்பப் படித்தபோது வாக்கியம் பணிவாகவும் ஒழுங்காகவும் இருந்தது. அனுப்பிவிட்டேன்.

அதற்கு அடுத்து நடந்ததை எழுதவே அலுப்பாக இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. ஆன்லைனில். கட்டில் மேல் பெட்டியை வைத்து, பெட்டி மேல் லேப்டாப்பை வைத்து, பின்னால் பீரோ தெரியாமல் ஒரு வேட்டியைக் கட்டினோம். பக்கத்து அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். அத்தை மகளை மடியில் வைத்துக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். மகள் வாயில் முறுக்கு. சத்தம் வராமல் மென்று தின்னச் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

லேப்டாப் திரையில் நாலு முகம். மூன்று பேர் கேட்டதற்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னேன் என்று நினைக்கிறேன். சீசன் முடிந்து கம்பெனிகள் மூடிக் கிடக்கும் வாரங்களில் பெண்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்பதுதான் என் புதிய திட்டம். அதைப் பற்றிக் கேட்டார்கள். நாலாவது ஓர் அம்மா. கண்ணாடி போட்டவர். அதுவரை பேசாமல் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"உங்கள் ஆய்வேட்டைப் படித்தேன். நான்காம் இயலை இரண்டு முறை படித்தேன். தொழிற்சாலைப் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு பற்றி விதி என்ன சொல்கிறது என்று பதினாறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் விண்ணப்பத்தில், விடுப்புக் கேட்கலாம் என்பதே உங்களுக்குத் தெரியாது என்று இருக்கிறது."

ஆங்கிலத்தில்தான் கேட்டார். எனக்கு அந்த நேரம் ஆங்கிலம் போய்விட்டது. வாய் தானாகத் தமிழில் பேசியது. "தெரியும் மேடம்."

அவரும் தமிழுக்கு வந்தார். "பிறகு ஏன் தெரியாதுன்னு எழுதுனீங்க?"

சொன்னேன். முதல் பிள்ளை கலைந்ததை, எழுதக் கூடாது என்று வீட்டில் சொன்னதை, விசேஷமா என்று கேட்டவரிடம் இல்லை என்றதை, கேட்ட லீவைக் கேட்கவில்லை என்று கையெழுத்துப் போட்டதை. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரைக்குப் பின்னால் முறுக்கு மெல்லும் சத்தம் நின்றிருந்தது.

"ராஜினாமாக் கடிதத்தில் சொந்தக் காரணம்னு இருக்கு. கல்லூரிச் சான்றில் நீங்க கேக்கலைன்னு இருக்கு. விண்ணப்பத்தில் தெரியாதுன்னு இருக்கு. இப்ப வேற சொல்றீங்க. நாங்க எதை எடுத்துக்கிறது?"

"பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கோங்க மேடம். அதுலதான் நான் எதுவும் எழுதல."

வேறு ஒருவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. எதையோ குறித்துக்கொண்டார். நன்றி, தெரிவிக்கிறோம் என்றார்கள். திரை அணைந்ததும் என் முகம் மட்டும் அதில் கறுப்பாகத் தெரிந்தது.

அந்தச் சொல் துடுக்காகப் போய்விட்டதோ என்று பத்து நாள் தூக்கம் பிடிக்கவில்லை. அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நாள் தோன்றும். அதை மட்டும்தான் ஒழுங்காகச் சொன்னேன் என்று மறுநாள் தோன்றும்.

மூன்று வாரம் கழித்து மடல் வந்தது. தளர்வை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். தேர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவதாக இருந்தது. தேர்வானவர்களில் இரண்டு பேர் வேண்டாம் என்றால் எனக்கு. பட்டியல் ஆறு மாதம் செல்லும்.

அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார். சொன்னேன். கையை எடுக்காமல் கேட்டார், "அப்ப கெடைக்குமா, கெடைக்காதா?"

"தெரியல அத்தே. ரெண்டு பேரு விட்டுக் கொடுக்கணும்."

தண்ணீரைக் கொட்டினார். மறுபடி ஊற்றினார். அது மூன்றாவது தண்ணீர், தெளிவாகத்தான் இருந்தது. "அன்னைக்குப் பொட்டியில பேசுனியே, எல்லாம் கேட்டேன். நான் எழுத வேண்டாம்னு சொன்னதாலதான் இம்புட்டுமா?"

"இல்ல அத்தே."

"பெறகு எதால?"

எழுதியிருந்தால் சான்று இருந்திருக்கும், பொய் எழுத வேண்டியிருந்திருக்காது, முதல் பட்டியலிலேயே வந்திருப்பேனோ என்னவோ. எழுதியிருந்தால் இந்தப் பிள்ளை நின்றிருக்குமா என்று அதற்கு அடுத்த நொடியே நினைப்பு வரும். இதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பதை நான் எத்தனை தடவை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன் என்பதும் தெரியும்.

"நீங்க சொல்லாட்டாலும் நான் எழுதியிருக்க மாட்டேன் அத்தே" என்றேன். அது உண்மையா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் உலையில் அரிசியைப் போட்டார். தட்டை வைத்து மூடினார். "சரி. ஆறு மாசம்னா பங்குனி வரைக்கும். அதுவரைக்கும் தெருவுல யாருகிட்டயும் மூச்சு விட்டுராத."

மறுநாள் விருதுநகர்க் கல்லூரியில் எங்கள் துறைத் தலைவர் டீ குடித்துக்கொண்டே விசாரித்தார். "என்னம்மா, இந்த வருஷம் எதுக்காச்சும் அப்ளை பண்ணிருக்கீகளா?"

"இல்ல சார்" என்றேன்.